குடும்பம் முழுவதற்கும் மாறுவேட உடைகளை வீட்டிலேயே தைப்பது எப்படி?

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் தமிழ்ப்பள்ளியின் மாறுவேடப் போட்டி, கோயில் மண்டபத்தில் நவராத்திரி கலை இரவு, பொங்கல் விழா என்று பிள்ளைகளுக்கு வேடம் கட்ட வேண்டிய தேவை வந்துகொண்டே இருக்கிறது. எங்கள் பக்கத்தில் குடும்பமாக மேடையேறும் அங்கமும் இப்போது சேர்ந்திருக்கிறது. வாடகைக்கு எடுக்கலாம் என்றால் ஈப்போவுக்குப் போக வேண்டும். ஒருவருக்கு 60 முதல் 100 ரிங்கிட் கேட்கிறார்கள், முன்பணம் தனி. நாங்கள் எடுத்த கடையில், பட்டுத்துணியில் ஒரு குங்குமத் துளி பட்டதற்காக முன்பணம் முழுவதையும் பிடித்துக்கொண்டார்கள். அந்த உடையோ பையனுக்கு அக்குளில் அறுத்து, தோலைச் சிவக்க வைத்திருந்தது. அதன் பிறகு எல்லாவற்றையும் வீட்டிலேயே தைக்கிறேன். அதில் நான் பட்ட சிரமம் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மேடையில் நிற்பது மூன்று நிமிடம். அதற்கு முன்னும் பின்னும் நான்கைந்து மணி நேரம் குழந்தை அந்த உடையோடுதான் உட்காரும், ஓடும், தண்ணீர் குடிக்கும், கழிவறைக்குப் போகும். ஆகவே பார்வைக்கு எப்படி இருக்கும் என்பதைவிட, உடம்பில் எப்படி இருக்கும் என்பதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

1. விதிகளை எழுத்தில் வாங்குங்கள்

துணிக்கடைக்குப் போவதற்கு முன் ஏற்பாட்டாளர்களிடம் போங்கள். நேர வரம்பு, வயதுப் பிரிவு, மேடைக்கு எதைக் கொண்டுவரலாம் என்பவை எல்லாம் தாளில் இருக்க வேண்டும். ‘அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம் அக்கா’ என்ற வாய்வார்த்தையை நம்பி வாள் செய்யாதீர்கள். உலோகத்தில் செய்த எதையும், தீயோடு தொடர்புடைய எதையும் பெரும்பாலும் விடமாட்டார்கள். கோயில் மண்டபம் என்றால் காலணிக்கு இடமில்லை. பாரதியார் வேடத்துக்குக் கறுப்புக் காலணி வாங்கும் செலவு அங்கேயே மிச்சம். தெய்வ வேடங்களைச் சில கோயில்களில் ஏற்பதில்லை. அதையும் முன்பே கேட்டுவிடுங்கள்.

பதிவுப் படிவத்தோடு பிள்ளையின் மைகிட் (சிறுவர் அடையாள அட்டை) நகல் கேட்பதுண்டு. வயதுப் பிரிவைப் பிறந்த ஆண்டை வைத்துத்தான் பிரிப்பார்கள். டிசம்பரில் பிறந்த குழந்தை தன்னைவிட ஏறக்குறைய ஒரு வயது பெரிய பிள்ளைகளோடு நிற்க நேரிடும். படிவத்தைக் கொடுப்பதற்கு முன் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். எந்த வேடத்தின் பெயரைப் பதிந்தோம் என்ற பேச்சு கடைசி வாரத்தில் கட்டாயம் வரும்.

2. வேடங்களைப் பிரியுங்கள்

ஐந்து பேருக்கும் வெல்வெட்டும் ஜரிகையும் என்று ஆசைப்படாதீர்கள். ஒருவருக்கு மட்டும் கனமான உடை; மற்றவர்களுக்கு எளிய உடை. எங்கள் வீட்டுக் கணக்கு இது: அப்பாவுக்குக் கட்டபொம்மன், அம்மாவுக்கு வேலு நாச்சியார், மகனுக்குப் பாரதியார், மகளுக்கு ஆண்டாள், பாட்டிக்கு ஔவையார். இதில் முழு உழைப்பும் கட்டபொம்மனுக்கும் ஆண்டாளுக்கும் போகும். வேலு நாச்சியாருக்கு வீட்டில் இருக்கும் புடவையே போதும், அதை வெட்டாதீர்கள். கச்சம் வைத்துக் கட்டி, இடுப்புக்கு ஒரு அகலப் பட்டை மட்டும் தைத்தால் ஆள் மாறிவிடுவார். ஔவையாருக்கு வெள்ளைப் பருத்திப் புடவை, திருநீறு, கைத்தடி. பாட்டியின் உள்பாவாடையில் மட்டும் ஒரு பை வைத்துத் தையுங்கள். மூக்குக் கண்ணாடியும் மருந்தும் வைக்க இடம் இல்லாமல் பெரியவர்கள் படும் பாடு யாருக்கும் தோன்றுவதே இல்லை.

3. காலக் கணக்கு

விஜயதசமி முடிந்து ஏறக்குறைய மூன்று வாரத்தில் தீபாவளி. அதனால் நவராத்திரி நேரத்தில் துணிக்கடையிலும் தையற்கடையிலும் நிற்க இடம் இருக்காது. அந்த நேரத்தில் தையற்காரரிடம் பட்டனுக்கு ஒரு காஜா போட்டுத் தரச் சொன்னாலும் ‘தீபாவளிக்குப் பிறகு வாங்கம்மா’ என்றுதான் பதில் வரும். எட்டு வாரம் முன்னதாக விதிகளும் வேடமும் முடிவாக வேண்டும். ஆறு வாரம் இருக்கும்போது துணி வீட்டுக்கு வந்துவிட வேண்டும். அடுத்த வாரம் நனைத்து வெட்டுவது. பிறகு மூன்று வாரம் தையல். பத்து நாள் முன்பு முழு ஒத்திகை. கடைசி மூன்று நாட்களில் கைத்தையல் மட்டும்; இயந்திரத்தைத் தொடும் வேலை எதுவும் மிச்சம் இருக்கக்கூடாது.

அக்டோபரில் நம் பக்கம் மாலையானால் இடியும் மழையும். மின்சாரம் போய்ப் போய் வரும். இஸ்திரியும் இயந்திர வேலையும் காலையில் முடியட்டும். வேலைக்குப் போகிறவர்கள் ஞாயிறு காலையை இதற்கென்று ஒதுக்குங்கள். இரவில் செய்ய ஊக்கு, பட்டன், பார்டர் என்று கைவேலை நிறையவே இருக்கிறது.

4. அளவுத் தாள்

ஆளுக்கு ஒரு தாள். மேலே பெயரும் தேதியும். மார்பு, இடுப்பு, தோள், கை நீளம், கழுத்து, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை உள்ள உயரம் ஆகியவை எல்லாரும் எடுக்கும் அளவுகள். மாறுவேடத்துக்கு மேலும் மூன்று வேண்டும். தலைச்சுற்றளவை நெற்றிக்கு மேல் நாடாவை வைத்து எடுங்கள். கட்டபொம்மன், பாரதியார் போன்ற வேடங்களுக்கு முன்இடுப்பிலிருந்து கால்களுக்கிடையே போய்ப் பின்இடுப்பு வரை உள்ள அளவு தேவை. உட்கார்ந்த நிலையில் இடுப்புச் சுற்றளவையும் எடுங்கள்; நிற்கும்போது சரியாக இருக்கும் பட்டை, உட்கார்ந்ததும் வயிற்றை அழுத்தும்.

மெல்லிய உள்ளாடை போட்ட உடம்பில்தான் அளவெடுக்க வேண்டும். கோட்டுக்கு மார்பு அளவோடு 8 முதல் 10 செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்குப் பக்கத் தையலில் இருபுறமும் 2.5 செ.மீ. துணி உள்ளே விடுங்கள். அடுத்த ஆண்டு பிரித்துப் பெரிதாக்க அதுதான் கைகொடுக்கும். புதிதாகத் தைப்பவர்களுக்கு ஒரு நல்ல வழி உண்டு: குழந்தைக்கு இப்போது பொருத்தமாக இருக்கும் பள்ளிச் சட்டையைத் தாளின்மேல் விரித்து, ஓரம் வரைந்து, சுற்றிலும் தையலுக்கு இடம் விட்டு வெட்டுங்கள். கைக்குழிதான் எல்லாரும் தடுமாறும் இடம். பழைய சட்டையின் கைக்குழியை நம்புங்கள், மனக்கணக்கு வேண்டாம்.

5. துணி வாங்குதல்

பருத்தி, லைனிங், நூல், எலாஸ்டிக், கொக்கி எல்லாம் ஊரிலேயே கிடைக்கும். ஜரிகைப் பார்டருக்கும் வெல்வெட்டுக்கும் ஈப்போ ஜாலான் லாஹாட் பக்கம் உள்ள லிட்டில் இந்தியா வசதி. கோலாலம்பூருக்குப் போகும் வேலை இருந்தால் ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான், ஜாலான் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் தேர்வு அதிகம். துணிக்காக மட்டும் அவ்வளவு தூரம் போனால் மிச்சப்படுத்திய பணம் பயணத்தில் போய்விடும்.

கடையில் கவனிக்க வேண்டியவை:

விலை மீட்டருக்கா, கெஜத்துக்கா என்று கேளுங்கள். மலாய்க் கடைகளில் கெஜத்தை ‘எலா’ என்பார்கள். ஒரு கெஜம் 91 செ.மீ. மீட்டர் என்று எண்ணிக்கொண்டு ஐந்து கெஜம் வாங்கினால் ஏறக்குறைய அரை மீட்டர் குறையும்; ஒரு கை வெட்டத் துணி இருக்காது.

அகலத்தைக் கேளுங்கள். 45 அங்குலத் துணியும் இருக்கிறது, 60 அங்குலத் துணியும் இருக்கிறது. எட்டு வயதுப் பையனின் கோட்டுக்கு 60 அங்குல அகலத்தில் ஒன்றேகால் மீட்டர் போதும். 45 என்றால் ஒன்றரைக்கு மேல் வேண்டியிருக்கும்.

பார்டரை ஒரே தடவையில், ஒரே சுருளிலிருந்து வாங்குங்கள். அடுத்த முறை போனால் அதே எண்ணில் வேறு மஞ்சள் இருக்கும். மேடை விளக்கில் அந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும்.

வெட்டிய துணியைத் திரும்ப எடுக்கமாட்டார்கள். ஆனால் சாயம் போகும் துணி, நெசவில் ஓட்டை உள்ள துணி என்றால் பேச ஒரு வாய்ப்பு உண்டு. அதற்கு ரசீது வேண்டும். ரசீதின் பின்பக்கம் அந்தத் துணியின் சிறு துண்டை ஊசியால் குத்தி வையுங்கள். எது எங்கே வாங்கியது, மீட்டர் என்ன விலை என்பதற்கு அந்தத் தாளே கணக்குப் புத்தகம்.

சூட் தைக்கும் கனத்த துணியை நம் வெயிலுக்கு வாங்காதீர்கள். பாரதியார் கோட்டுக்குப் பருத்தி கலந்த பாலியெஸ்டர் போதும். தூரத்துப் பார்வைக்குக் கறுப்பு கறுப்புதான்.

6. இயந்திரம்

தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய பழைய லயத்து வீடுகளில் பாட்டி காலத்து மிதி இயந்திரம் இன்னும் இருக்கிறது. அது நல்ல இயந்திரம், வெல்வெட்டையும் தைக்கும். தோல்வாரை இறுக்கி, எண்ணெய் விட்டு, கழிவுத் துணியில் பத்து நிமிடம் ஓட்டிய பிறகே உங்கள் துணியை வையுங்கள். பல நாள் தூங்கிய எண்ணெய் சாட்டினில் இறங்கினால் கறை போகவே போகாது.

வாங்குவதாக இருந்தால், வீட்டு உபயோகத்துக்கான புதிய மின் இயந்திரம் 400 முதல் 800 ரிங்கிட்டுக்குள் கிடைக்கிறது. நேர்த்தையல், கோணல்மாணல் தையல், காஜா ஆகிய மூன்றும் இருந்தால் போதும். நூறு பூவேலை வேண்டாம். உத்தரவாத அட்டையில் கடை முத்திரையும் தேதியும் இருக்கிறதா என்று பார்த்து, ரசீதோடு சேர்த்து வையுங்கள். பயன்படுத்திய பொருள் விற்கும் கடைகளில் ஜப்பானிய இயந்திரங்கள் மலிவாக வருகின்றன. அவற்றின் அடியில் உள்ள தகட்டை அவசியம் படியுங்கள். ஜப்பானில் 100 வோல்ட், நமக்கு 230. மின்மாற்றி இல்லாமல் செருகினால் மோட்டார் எரிந்துவிடும். மின்மாற்றியின் விலையையும் சேர்த்துப் பார்த்தால் அந்த மலிவு மலிவாகத் தெரியாது.

ஊசியில் கஞ்சத்தனம் வேண்டாம். சாட்டினுக்கு 11-ஆம் எண் ஊசி, பருத்திக்கு 14, விறைப்புக்குக் கேன்வாஸ் வைத்த வெல்வெட்டுக்கு 16. மழுங்கிய ஊசி சாட்டினில் நூலை இழுத்துக் கோடு போட்டுவிடும்.

7. வெட்டுவதும் தைப்பதும்

பருத்தித் துணி அனைத்தையும் வெட்டுவதற்கு முன் நனைத்துக் காயப்போட்டு இஸ்திரி போடுங்கள். சுருங்குவது இப்போதே சுருங்கட்டும். சாட்டினையும் வெல்வெட்டையும் நனைக்க வேண்டாம்.

*பஞ்சகச்சம்.* உண்மையாகவே வேட்டி கட்டி அனுப்பினால் மேடையேறும் முன் அவிழும். தைத்துவிடுவதுதான் நல்லது. வெள்ளைப் பருத்தியில் தொளதொளவென்று ஒரு பைஜாமா, இடுப்பில் எலாஸ்டிக். ஒரு மீட்டர் வெள்ளைத் துணியை இடுப்பிலிருந்து கணுக்காலுக்கு 5 செ.மீ. மேலே நிற்கும் உயரத்துக்கு வெட்டுங்கள். கீழோரத்திலும் ஒரு பக்க ஓரத்திலும் பார்டர் வைத்துத் தையுங்கள். பிறகு நான்கு விரல் அகலத்தில் மடிப்பு மடிப்பாக அடுக்கி, குண்டூசி குத்தி, நன்றாக இஸ்திரி போட்டு, மேல்பக்கம் குறுக்கே இரண்டு தையல் போடுங்கள். பார்டர் வைத்த ஓரம் மேல் மடிப்பாக வர வேண்டும். அப்போதுதான் வேட்டி விசிறிபோல் விழும். இந்தக் கொசுவத்தை இடுப்புப் பட்டையின் முன்நடுவில் வைத்துத் தையுங்கள். பின்பக்கத்துக்கு இதில் பாதி அளவில் இன்னொரு கொசுவம். எதையும் காலோடு சேர்த்துத் தைத்துவிடாதீர்கள். பையன் எலாஸ்டிக்கை இழுத்து இறக்கித் தானே கழிவறைக்குப் போய்வர வேண்டும். அவனுக்கு உதவ நீங்கள் அப்போது பக்கத்தில் இருக்கமாட்டீர்கள். உங்கள் தலையில் நாச்சியாரின் கொண்டை இருக்கும்.

*முண்டாசு.* மெல்லிய வெள்ளைப் பருத்தி மூன்று மீட்டர், 45 செ.மீ. அகலம். குழந்தையின் தலையில் சுற்றிப் பழகினால் அவன் பொறுமை இழப்பான். தலைச்சுற்றளவுக்குச் சமமான ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்து, அதன்மேல் பருத்தித் தொப்பியை மாட்டி, அதன்மீது சுற்றுங்கள். துணியை முறுக்காமல், தளர்வாக மூன்றாக மடித்தபடி நெற்றியில் ஒரு சுற்றும் காதுக்கு மேல் ஒரு சுற்றுமாக மாற்றி மாற்றிக் கொண்டுபோங்கள். பின்னால் தொங்க ஒரு முழம் விடுங்கள். ஒவ்வொரு சுற்றையும் தொப்பியோடு சேர்த்துக் கைத்தையலில் ஆங்காங்கே பிடித்துவிட்டால் அது தலையில் கவிழ்க்கும் தொப்பியாகிவிடும். பாத்திரம் தலையைவிட ஒரு விரல் பெரிதாக இருந்தால் நல்லது. இறுக்கமான முண்டாசு அரை மணி நேரத்தில் தலைவலி தரும்.

*கோட்டு.* முன்பக்கம் பட்டன்களை மேலே அழகுக்குத் தைத்துவிட்டு, அடியில் வெல்க்ரோ வையுங்கள். வெல்க்ரோவின் சொரசொரப்பான பக்கம் வெளிப்புறம் பார்க்க வேண்டும். உள்ளே பார்த்தால் கழுத்தைக் கீறும். லைனிங் வேண்டாம்.

*ஆண்டாள்.* பாவாடைக்கு இரண்டு மீட்டர், தாவணிக்கு இரண்டரை. சாட்டின் ஓரம் பிரிந்துகொண்டே போகும் துணி. வெட்டிய அன்றே ஓரமெல்லாம் கோணல்மாணல் தையல் போட்டுவிடுங்கள். தாவணியை முன்கூட்டியே மடித்து ரவிக்கையின் தோளில் தைத்துவிட்டால் ஊக்கு தேவைப்படாது. குழந்தை உடம்பில் ஊக்கு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. ஒருபக்கம் சாய்ந்த கொண்டைக்குக் கறுப்புக் காலுறைக்குள் பஞ்சை அடைத்து உருட்டித் தைத்து, தலைப்பட்டையில் பொருத்துங்கள். இடக்கைக் கிளியைப் பச்சை ஃபெல்ட் துணியில் செய்து, மணிக்கட்டில் மாட்டும் எலாஸ்டிக்கோடு தையுங்கள். கை சோர்ந்தாலும் கிளி விழாது.

*வெல்வெட்.* கட்டபொம்மன் மேலங்கிக்கு இரண்டரை மீட்டர். வெல்வெட்டில் கையை மேலிருந்து கீழே தடவினால் வழுக்கும், எதிர்ப்பக்கம் தடவினால் தடுக்கும். முன், பின், கை எல்லாத் துண்டுகளையும் ஒரே திசையில் வெட்டுங்கள். ஒன்று தலைகீழாகிவிட்டால் ஒரு கை மட்டும் வேறு நிறமாகத் தெரியும். அதற்கு மருந்து கிடையாது. இரண்டு வெல்வெட்டை முகத்தோடு முகம் வைத்துத் தைத்தால் ஒன்று நகர்ந்துகொண்டே போகும். முதலில் கையால் பெரிய ஓட்டுத் தையல் போட்டுப் பிடித்துக்கொண்டு, பிறகு இயந்திரத்தில் 3 மி.மீ. நீளத் தையலில் மெதுவாக ஓட்டுங்கள். இஸ்திரியை உள்பக்கத்திலிருந்து மட்டும், கீழே துண்டு விரித்துப் போடுங்கள். மேலே வைத்தால் பெட்டியின் தடம் அப்படியே நின்றுவிடும். உள்ளே மெல்லிய பருத்தி லைனிங் கட்டாயம். இல்லையென்றால் வியர்வையில் வெல்வெட் முதுகோடு ஒட்டிக்கொள்ளும்.

8. தலையும் இடுப்பும்

கிரீடம், இடுப்புப் பட்டை, மார்புக் கவசம் ஆகியவற்றை அட்டையில் செய்யாதீர்கள். நெற்றி வியர்வையிலேயே அட்டை ஊறி மடங்கிவிடும். எழுதுபொருள் கடையில் தாளாக விற்கும் வண்ண ஸ்பாஞ்சு வெட்ட எளிது, வியர்வைக்கு அசையாது, விழுந்தாலும் யாரையும் குத்தாது. பார்டரை அதில் சூட்டுப் பசைத் துப்பாக்கியால் ஒட்டலாம். சாட்டினில் நேரடியாக அந்தப் பசையை வைக்காதீர்கள். துணி உருகிச் சுருங்கும். ஒட்டியவற்றை வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுப் போனால் பசை இளகிக் கல்லெல்லாம் கழன்றுவிடும். முக்கியமான இடங்களில் ஒட்டியபின் நாலு கைத்தையலும் போடுங்கள்.

பணம் செலவழிக்க வேண்டிய இடமும் இதுதான். பார்ப்பவர் கண் முதலில் தலைக்குப் போகும், பிறகு இடுப்புக்கு. பாவாடை என்ன துணி என்று யாரும் பார்ப்பதில்லை.

9. ஒத்திகை

பத்து நாள் முன்பு, மாலை நேரத்தில், மின்விசிறியை நிறுத்திவிட்டு எல்லாரும் முழு வேடத்தோடு அரை மணி நேரம் இருங்கள். சம்மணம் போட்டு உட்காரச் சொல்லுங்கள். இரு கைகளையும் மேலே தூக்கச் சொல்லுங்கள். படியேறச் சொல்லுங்கள். தானாகக் கழிவறைக்குப் போய்வரச் சொல்லுங்கள். பாவாடை ஓரம் தரையிலிருந்து மூன்று விரல் உயரத்தில் நிற்க வேண்டும். பிறகு உடையைக் கழற்றிக் கழுத்து, அக்குள், இடுப்பு மூன்றிலும் தோல் சிவந்திருக்கிறதா பாருங்கள். சிவந்த இடத்தில் பருத்தி நாடா வைத்து உள்ளே மூடித் தையுங்கள். ஜரிகையின் பின்பக்கம்தான் பெரும்பாலும் குற்றவாளி.

10. செலவு

எங்கள் வட்டாரத்தில் நான் கொடுத்த விலை: பருத்தி மீட்டர் 6 முதல் 10 ரிங்கிட், சாட்டின் 8, வெல்வெட் 20, பார்டர் 3 முதல் 4. கட்டபொம்மனுக்கு மட்டும் 105 வரை ஆகிறது. ஆண்டாளுக்கு 60. பாரதியார் கோட்டும் முண்டாசும் சேர்த்து 33. பஞ்சகச்சத்துக்கு அப்பாவின் பழைய வேட்டி. நாச்சியாரின் ரவிக்கைக்கு 18. ஸ்பாஞ்சு, பசை 20. நூல், ஊசி, எலாஸ்டிக், வெல்க்ரோ, கொக்கி என்று சில்லறையாகப் போவது 40. மொத்தம் 280 ரிங்கிட்டுக்குள் முடியும், இயந்திரம் வீட்டில் இருந்தால். இந்தச் சில்லறை 40-ஐத்தான் எல்லாரும் கணக்கில் விட்டுவிடுகிறார்கள்.

11. அன்றைய பையும் அதற்குப் பிறகும்

நூல் கோத்த ஊசிகள் கறுப்பிலும் வெள்ளையிலும், கத்தரிக்கோல், ஊக்கு, இரட்டைப் பக்க ஒட்டுநாடா, ஈரத் துடைப்பான், உறிஞ்சுகுழாய், பழைய சட்டைகள். ஒப்பனை முடியும்வரை பழைய சட்டையை முன்பக்கம் திருப்பி மாட்டிவிடுங்கள். குங்குமமும் மையும் அதில் கொட்டட்டும். பதிவுப் படிவத்தின் படம் கைப்பேசியில் இருக்கிறதா என்று கிளம்பும் முன் பாருங்கள்.

நிகழ்ச்சி முடிந்த இரவே உடைகளை உள்பக்கம் வெளியே திருப்பிக் காற்றில் தொங்கவிடுங்கள். வியர்வையோடு பெட்டியில் வைத்தால் நம் ஈரப்பதத்தில் பூஞ்சை பிடித்துவிடும். பருத்தியைத் துவைக்கலாம். வெல்வெட்டின் லைனிங்கை மட்டும் ஈரத்துணியால் துடைத்து, நிழலில் உலர்த்தி, மடிக்காமல் தொங்கவிடுங்கள். அளவுத் தாளை அந்தந்த உடையின் பையிலேயே போட்டுவையுங்கள். அக்கம்பக்கத்தில் கேட்டால் தாராளமாகக் கொடுங்கள்; யாருக்கு, என்றைக்கு, எத்தனை உருப்படி என்று அதே தாளின் பின்பக்கம் எழுதிக்கொள்ளுங்கள், கிளியையும் சேர்த்து.